பல்வலி வெள்ளிக்கிழமை

ரத்தினவேல் போன தை மாதம் இறந்தார். 'அப்பா' என்று எழுதினால் அடுத்த சொல் வரவில்லை. அதனால் பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1948-ல், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம், புதுக்கோட்டை டவுனில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துப் பரீட்சையில் ரத்தினவேலுக்கு மேலே நாலு பேர். கடைசியாக ஒரு பெயரைக் கூடத்தின் மறுகோடி வரை கேட்கிற மாதிரி கூப்பிடச் சொன்னார்கள். கூடத்தின் நீளம் எழுபது அடி. நாலு பேர் குரலும் பாதியில் நின்றுவிட்டது. ரத்தினவேல் "பிச்சைமுத்து!" என்று கூப்பிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்காக நின்ற ஒரு பிச்சைமுத்து, "இந்தா வாரேன்" என்று பஸ்ஸை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வேலை கிடைத்தது. வயது இருபத்திரண்டு.

அங்கே ஆளைக் கூப்பிட ஒரு முறை இருந்தது. வெறும் பெயரைச் சொன்னால் ஆறு பேர் எழுந்து வருவார்கள். ஆகவே ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், வியாதி, நான்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நார்த்தாமலை, அழகுமலை மகன் வெள்ளைச்சாமி, மூலம்!" என்று ரத்தினவேல் குரல் கொடுத்தால் வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு போவார். கூடம் அவர் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை சந்தை நாள். காய்கறி வாங்க வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்குகிற சாக்கில் கூடத்தில் வந்து உட்கார்வார்கள். எந்த ஊரில் யாருக்கு என்ன என்பதை ரத்தினவேல் வாயாலேயே கேட்டுக்கொண்டு போவார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது உண்டு. பதினாலு வருடம் அதில் ஒரு தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. குரலுக்காக அவர் தினம் காலையில் மிளகு போட்ட பால் குடித்தார்.

1962 ஆனி மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு மனநோய் டாக்டரை அனுப்பினார்கள். பெயர் முத்துராமன். ஒல்லியானவர். எதிராளி பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பவர். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மொத்தம் மூன்று தடவை வருவார். மூன்றாவது தடவை மேலதிகாரி வந்து பதிவேட்டைப் பார்ப்பார். ஆள் வந்திருந்தால் டாக்டர் தொடர்ந்து வருவார். வராவிட்டால் அதோடு சரி. பிறகு யாருக்கு என்ன ஆனாலும் தஞ்சாவூருக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். அத்தனை தூரம் யார் போவார்கள்?

முதல் வெள்ளிக்கிழமை ஒரே ஒருத்தி வந்தாள். வல்லத்திராக்கோட்டை அமராவதி. வயது பதினேழு. தகப்பன் ஆண்டிச்சாமி, தாய் கண்ணாத்தாள், இருவருக்கும் நடுவில் நின்றாள். நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலை வாரிவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கோடாங்கி ஆறு தடவை உடுக்கை அடித்துவிட்டு, "இது நம்ம கைக்கு அடங்காது" என்று கையை விரித்துவிட்டார். இதையெல்லாம் கண்ணாத்தாள் சீட்டு ஜன்னலில் தலையை உள்ளே விட்டு ரத்தினவேலின் காதோடு சொன்னாள்.

ரத்தினவேல் எழுதிக்கொண்டார். அவர்கள் முறை வந்தது. எழுந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார்.

"வல்லத்திராக்கோட்டை, ஆண்டிச்சாமி மக அமராவதி, மனநோயி!"

எழுபது அடிக் கூடமும் ஒரே சமயத்தில் திரும்பியது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண்பிள்ளை, "அட, நம்ம ஆண்டிச்சாமி மகளா!" என்றாள். ஆண்டிச்சாமி சீட்டை இரண்டாகக் கிழித்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கண்ணாத்தாள் மட்டும் ஜன்னலருகே நின்றாள்.

"நல்லா இருப்பே தம்பி. எங்க ஊருக்குத் தண்டோராச் செலவு மிச்சம்."

டாக்டர் முத்துராமன் நாலு மணிவரை காத்திருந்துவிட்டு வெளியே வந்தார்.

"ஒருத்தரும் வரலையா?"

"ஒரு பொண்ணு வந்துச்சு சார். நான்தான் வெரட்டிட்டேன்." ரத்தினவேல் நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் கேட்டு முடித்தார். வழக்கம்போல் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றதப் பாத்தா, ஆறேழு மாசம் மாத்திரை குடுத்து, உக்காந்து பேசினா அனேகமா எந்திரிச்சிரும். சின்ன வயசு. இப்பவே ஆரம்பிக்கணும். விட்டா..." என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த ரத்தினவேல் கண்ணாடி முன்னால் நின்று ரகசியம் பேசிப் பழகினார்.

"என்னாங்க அங்க சத்தம்?" என்று அடுக்களையிலிருந்து கேட்டார் அவர் மனைவி செங்கமலம்.

"மெதுவாப் பேசிப் பழகுறேன்."

"கல்யாணமாகி பதிமூணு வருஷமா நான் சொன்னது இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சாக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனார். ஆண்டிச்சாமி கடலைக் கொல்லையில் இருந்தார். ரத்தினவேலைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"வாங்க. அன்னிக்குக் கேக்காத ஆளுக யாரும் மிச்சம் இருக்காங்களா, சொல்லிட்டுப் போவோம்னு வந்தீங்களா?"

"இல்லீங்க. நான் செஞ்சது தப்பு, அதச் சொல்லத்தான்..."

இரண்டு கொல்லை தள்ளிக் களை எடுத்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள்.

"யோவ், மெதுவாப் பேசுங்கய்யா!"

"இதுதாங்க என் மெதுவு" என்றார் ரத்தினவேல்.

அங்கிட்டு வரப்பில் நின்ற கண்ணாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆனாலும் அடங்கவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தது அன்றைக்குத்தான். வேறு வழியில்லாமல் ஆண்டிச்சாமி அவரைக் கண்மாய்க்கு நடுவே கூட்டிப் போனார். ஆடிக்கு முந்தின கண்மாய். தண்ணீர் இல்லை. நாலு பக்கமும் இருநூறு கஜத்துக்கு ஆள் இல்லை. அங்கே மூன்று பேரும் குந்தி உட்கார்ந்தார்கள்.

ரத்தினவேல் டாக்டர் சொன்னதைச் சொன்னார். ஆண்டிச்சாமி தரையைக் கீறிக்கொண்டே கேட்டார்.

"டாக்டரு நல்லவராத்தான் இருப்பாரு. ஆனா அந்த ரூமுக்குள்ள நொழைஞ்சா நாளைக்கு எம்மகள எவன் கட்டுவான்? சந்தைக்கு வந்த சனம் பூரா அங்கதான உக்காந்திருக்கு?"

"வயித்துவலின்னு எழுதிர்றேன்."

"வயித்துவலியா? கொமரிப் புள்ளைக்கு வயித்துவலின்னா ஊரு வேற கதை கட்டும்" என்றாள் கண்ணாத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "பல்லுன்னு எழுதுங்க தம்பி. பல்லுவலின்னா எதுக்கு, எப்புடின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பல்லு வலிச்சவுக பேசவும் மாட்டாங்க. இவ பேசாம இருக்கிறதுக்கும் அது தோதாப் போகும்."

ஆண்டிச்சாமி கண்ணாத்தாளைப் பார்த்தார். ரத்தினவேலைப் பார்த்தார். "பல்லா?" என்றார். பிறகு, "சரி, பல்லு" என்றார்.

பல் டாக்டரும் வெள்ளிக்கிழமைதான் வருவார். பெயர் பக்கீர் முகமது. தாட்டியான ஆள். ஆறடி உயரம், அதற்கேற்ற கை. அவர் அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் டாக்டர் முத்துராமனின் அறை. நடுவில் மூன்றரை அடி நடை. ரத்தினவேல் விஷயத்தைச் சொன்னார்.

"என் ரூமு வழியா ஆள் போகட்டும், எனக்கென்ன?" என்றார் பக்கீர் முகமது. "ஆனா ஒண்ணு, ரத்தினவேலு. என் நாக்காலியில உக்காந்துட்டா நான் கேள்வி கேக்க மாட்டேன். புடுங்கிருவேன். அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

ஆகவே அடையாளம் வேண்டியிருந்தது. டூரிங் டாக்கீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் பழைய தகர டோக்கன்கள் ஒரு சாக்கு கிடந்தன. நம்பர் வெட்டியவை. சில வட்டம், சில சதுரம். அதை வாங்கி வந்தார். வட்டம் பல்லுக்கு. சதுரம் பின்கதவுக்கு. ஜன்னலில் காதோடு சொல்ல வேண்டியது, டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டியது. கூடத்தில் நம்பர் மட்டும்தான் ஒலிக்கும். குரலுக்கும் வேலை போகவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அமராவதி வந்தாள். தகப்பனின் துண்டைத் தாடையைச் சுற்றிக் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தாள் கண்ணாத்தாள்.

"பத்தொம்பது!" என்றார் ரத்தினவேல்.

ஒருவரும் திரும்பவில்லை. பத்தொன்பதாம் நம்பர் சதுரம் எழுந்து பல் டாக்டர் அறைக்குள் போயிற்று. பக்கீர் முகமது டோக்கனைப் பார்த்தார், குறடாலேயே பின்கதவைக் காட்டினார். அமராவதி நாற்பது நிமிடம் உள்ளே இருந்தாள். அன்றும் பேசவில்லை. ஆனால் டாக்டர் கேட்ட கேள்விகளில் மூன்றுக்குத் தலையை ஆட்டினாள். மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், "புடுங்கியாச்சா தாயி? உப்புத் தண்ணியில கொப்புளி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்டிச்சாமிக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்குக் கண்ணாத்தாள்தான் காரணம். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை முடங்கிக் கிடக்கிறது என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. கண்ணாத்தாளுக்குத் தெரியும். "நாங்க எல்லாரும் ஒரே கோடாங்கி வீட்டு வாசல்லதான வரிசையில நின்னோம்" என்றாள் ரத்தினவேலிடம். திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு, நார்த்தாமலையில் இரண்டு, அறந்தாங்கி ரோட்டில் மூன்று என்று நடையாய் நடந்து தாய்மார் காதில் போட்டாள். பரீட்சைக்குப் பயந்து கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலேஜ் மாணவன். கல்யாணமான மூன்றாம் மாதம் கதவைச் சாத்திக்கொண்ட பெண். கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்த ஒரு தறிக்காரர் மகன். கோடாங்கிக்கே விஷயம் எட்டிவிட்டது. அவர் கோபப்படவில்லை. தன் தங்கை மகனுக்கும் ஒரு துண்டைக் கட்டி அனுப்பினார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஆவணி. கூடத்தில் தாடையில் துண்டு கட்டியவர்கள் மட்டும் முப்பத்தொரு பேர். முக்கால்வாசி இளவட்டம். புதுக்கோட்டைக்கே ஒரே நாளில் பல் கெட்டுப்போன மாதிரி இருந்தது. அந்தக் காலேஜ் மாணவன் வெட்கத்தில் டோக்கனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பக்கீர் முகமது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "மாஷா அல்லா! முப்பத்திரெண்டும் முத்தாட்டம் இருக்கு. எந்திரி, எந்திரி. எனக்குக் கை துறுதுறுங்குது" என்று எழுப்பிவிட்டார்.

அமராவதியும் வந்திருந்தாள். மாத்திரை தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து சோறு சாப்பிடுகிறாளாம். தலையை அவளே பின்னிக்கொண்டிருந்தாள். வாய்தான் இன்னும் திறக்கவில்லை. "அதே நம்பரு குடுங்க தம்பி, ராசியா இருக்கு" என்று கண்ணாத்தாள் பத்தொன்பதையே கேட்டு வாங்கினாள்.

பன்னிரண்டரைக்குப் பக்கீர் முகமது ஜும்மா தொழுகைக்குப் போனார். பன்னிரண்டே முக்காலுக்கு மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி கணக்கில் கெட்டி. பதிவேட்டை விரித்தார், விரலை ஓட்டினார். ரத்தினவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாக யார் வந்தாலும் அவர் எழுதியது ஒரே சொல்.

"மனநோய்ப் பிரிவு. ஆனி, சைபர். ஆடி, சைபர். ஆவணி, இதுவரைக்கும் சைபர்" என்றார் அதிகாரி. "பல் பிரிவு. இன்னிக்கு மட்டும் முப்பத்தொண்ணு. புடுங்கின பல் ஆறு. பல் டாக்டர் நாற்காலி காலி. என்னய்யா நடக்குது இங்க?"

"சார், மனநோய் டாக்டரப் பாக்கத்தான் சார் இவங்க பாதிப் பேரு வந்திருக்காங்க."

"அப்ப பல்லுன்னு எழுதியிருக்கே?"

"பல்லுன்னாத்தான் சார் வருவாங்க."

அதிகாரி பதிவேட்டை மூடினார். "நீர் சொல்றது நெசம்னா, அந்தப் பேருங்களைக் கூப்பிடும். உம்ம குரலைப் பத்தித் திருச்சி ஆபீஸ்வரைக்கும் தெரியும். ஊர், பேர், வியாதி. முறைப்படி கூப்பிடும். எந்திரிச்சு வர்றவங்களை நான் எண்ணிக்கிறேன். இல்லேன்னா, டாக்டர் இன்னியோட நிறுத்தம்."

ரத்தினவேல் எழுந்தார். கூடத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்து முடித்தவர்கள் மாத்திரை ஜன்னலுக்காகக் காத்திருந்தார்கள். துண்டு கட்டிய தலைகள். சந்தைக்கு வந்த சனம். நாலாவது வரிசையில் அமராவதி, பக்கத்தில் ஆண்டிச்சாமி. ஆண்டிச்சாமி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் அந்தப் பெண் இனி வராது. கூப்பிடாவிட்டால் டாக்டர் இனி வரமாட்டார்.

நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார். வாயைத் திறந்தார்.

"முடியாது சார்."

"என்ன? கேக்கலை."

அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அதற்குள் டாக்டர் முத்துராமன் பின்கதவு வழியாக வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். மேஜைமேல் கவிழ்த்தார். சதுர டோக்கன்கள் சடசடவென்று விழுந்தன. இருபத்திரண்டு. "உள்ள வந்தவங்க ஒவ்வொருத்தரும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போனது. பேர் வேணும்னா என் நோட்டுல இருக்கு. அதை நான் யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார்.

"தகரத்தை எண்ணியா நான் ரிப்போர்ட் எழுதறது? நீங்களே டின்னுல போட்டிருக்கலாமே. ஆள் எங்கே?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தொம்பது."

எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரியவில்லை. பழகாத குரல், கரகரவென்று, பாதிக் கூடம்கூட எட்டாத குரல். கண்ணாத்தாள் கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டது. ஆறு மாதமாக அவள் கேட்காத குரல் அது.

"பத்தொம்பது என்னுது" என்றாள் அமராவதி. உட்கார்ந்தபடியே, துண்டை அவிழ்க்காமலே சொன்னாள்.

அதிகாரி குவியலைக் கிளறினார். பத்தொன்பது இருந்தது. எடுத்துத் தனியே வைத்தார்.

ஐந்து என்று ஒரு குரல். முப்பத்தாறு என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒன்று. பெயர் இல்லை, ஊர் இல்லை, யார் வாய் அசைகிறது என்பதும் துண்டு மறைப்பில் தெரியவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் அதிகாரி தேடினார். ஒவ்வொன்றும் இருந்தது. நடுவில் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"எட்டு! எனக்கு எட்டாம் நம்பருங்க. ஆனா எனக்கு நெசமாவே பல்லுங்க. காலையில இருந்து உசிரு போகுது. இங்க என்ன ஏலமா போட்டுக்கிட்டிருக்கீங்க?"

எட்டு குவியலில் இல்லை. அவர் கையில் வட்டமாக இருந்தது. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டில் பதினாலு பேர் குரல் கொடுத்தார்கள். மீதி எட்டுப் பேர் கொடுக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. "பதினாலு போதும்" என்றார் அதிகாரி.

இரண்டு வாரத்தில் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, மனநோய் டாக்டர் மாதம் இரண்டு தடவை வருவார் என்பது. இன்னொன்று, பதிவேட்டில் உண்மைக்கு மாறாக எழுதியதற்காக ரத்தினவேலுக்கு எச்சரிக்கை. அதன் கடைசி வரியில், இனி எல்லாப் பிரிவுக்கும் நம்பர் சொல்லி மட்டுமே கூப்பிட வேண்டும் என்று இருந்தது. ரத்தினவேல் எச்சரிக்கையைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். செங்கமலம் அதற்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை பூ வைத்தார்.

சந்தைக் கூட்டத்துக்குத்தான் வருத்தம். "என்ன ரத்தினவேலு, வெறும் நம்பராச் சொல்றீங்க, ஒரு சேதியும் இல்லையே?" என்று கொஞ்ச நாள் குறைப்பட்டார்கள். பிறகு வெயிலுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அமராவதி ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டாள். பிறகு நிறுத்தினார்கள். பாதியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தாள். 1966 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி சீட்டு ஜன்னலில் வந்து நின்றாள். தாடையில் துண்டு. கன்னம் மறைந்திருந்தது.

ரத்தினவேலுக்கு முகம் வாடிவிட்டது. பெட்டிக்குள் கையை விட்டுச் சதுர டோக்கன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. துண்டை விலக்கிக் காட்டினாள். வலது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"இந்தத் தடவ நெசமாவே பல்லு, மாமா."

ரத்தினவேல் வட்டத்தைத் தேடினார்.

"நம்பரு வேணாம். அன்னிக்குக் கூப்புட்ட மாதிரி கூப்புடுங்க. அன்னிக்குத்தான் அப்பா இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு, நான் நின்னு கேக்கலையில்ல?"

சட்டம் இடம் தராது. எச்சரிக்கை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ரத்தினவேல் எழுந்தார். நாலு வருடமாகச் சேர்த்துவைத்த மூச்சை எல்லாம் ஒன்றாக வாங்கினார்.

"வல்லத்திராக்கோட்டை, ஆண்டிச்சாமி மக அமராவதி, பல்லு!"

கூடம் திரும்பியது. வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீங்கிய கன்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல், கூடத்தின் நடுவிலேயே நடந்து போனாள் அமராவதி.